ஏறிய ஸ்டாப் இறங்கக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் வணிகப் பக்கங்களில், கணினி நிரலே பங்குகளை வாங்கி விற்கும் ஆல்கோ டிரேடிங் பற்றிய கட்டுரைகள் இப்போது அடிக்கடி வருகின்றன. ‘டிரெய்லிங் ஸ்டாப்லாஸ் போட்டுக்கொண்டால் வந்த லாபம் கையை விட்டுப் போகாது’ என்ற வரியும் அவற்றில் தவறாமல் இடம்பெறுகிறது. விலை இதற்குக் கீழே இறங்கினால் விற்றுவிடு என்று வைக்கும் எல்லை ஸ்டாப்லாஸ். விலை ஏறும்போது அந்த எல்லையும் பின்னாலேயே ஏறினால் அது டிரெய்லிங் ஸ்டாப்லாஸ். அந்த ஒரு வரியை நிரலாக எழுதும் இடத்தில்தான் பல சிறு வணிகர்களின் ஆல்கோ உடைகிறது. எப்படி எழுத வேண்டும், எங்கே உடையும் என்பதைத் தமிழில் யாராவது விரிவாகச் சொல்ல வேண்டும் என்பதால் இக்கடிதம் நீண்டுவிட்டது. சுருக்காமல் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையமான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் எனும் பிற்கால விலை ஒப்பந்தங்கள்) வணிகம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். 2024 நிதியாண்டில் வெளிநாட்டு முதலீட்டாளர்கள் ஈட்டிய லாபத்தில் 97 சதவீதமும், சொந்தக் கணக்கில் வணிகம் செய்யும் நிறுவனங்களின் லாபத்தில் 96 சதவீதமும் ஆல்கோ வழியாக வந்தவை என்றும் அதே ஆய்வு சொன்னது. ஆல்கோ விற்பவர்கள் இந்த இரண்டாவது தகவலை மட்டும் எடுத்துக் காட்டுகிறார்கள். அந்த நிறுவனங்களின் நிரலுக்கும் வீட்டு லேப்டாப்பில் ஓடும் நிரலுக்கும் வேகத்தில் வேறுபாடு உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். ஆர்டர் பாதி வழியில் நின்றுவிட்டால் அடுத்து என்ன என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறதா என்பது அதைவிடப் பெரிய வேறுபாடு.

சாதாரண டிரெய்லிங் ஸ்டாப் வாங்கிய நொடியிலிருந்தே விலையைப் பின்தொடரும். நிபந்தனையுள்ள டிரெய்லிங் ஸ்டாப் அப்படியல்ல. முதலில் ஒரு நிலையான ஸ்டாப் இருக்கும். விலை குறிப்பிட்ட அளவு நமக்குச் சாதகமாக நகர்ந்த பிறகுதான் டிரெய்ல் தொடங்கும். வாங்கிய உடனே ஏற்படும் சிறு ஆட்டங்களில் வெளியே தள்ளப்படாமல் இருப்பதற்காகவே இந்த ஏற்பாடு.

ஓர் எடுத்துக்காட்டு. தேசியப் பங்குச் சந்தையில் ஒரு பங்கை 800 ரூபாய்க்கு 100 எண்ணிக்கை, அன்றே விற்றுவிடும் இன்ட்ராடே முறையில் வாங்குகிறோம். தொடக்க ஸ்டாப் 788. விலை 812 ரூபாயைத் தொட்டால் டிரெய்ல் தொடங்க வேண்டும். அதன்பின் ஸ்டாப், தொட்ட உச்ச விலைக்கு 10 ரூபாய் கீழே நிற்க வேண்டும். ஆக, 812 வந்ததும் ஸ்டாப் 802. விலை 820 போனால் 810.

பலர் இதை நிரலில் இப்படி எழுதுகிறார்கள்: இப்போதைய விலை 812 அல்லது அதற்கு மேல் என்றால் ஸ்டாப்பை விலைக்கு 10 ரூபாய் கீழே வை, இல்லையென்றால் 788-இல் வை. படிக்கும்போது சரியாகத்தான் தெரிகிறது. விலை 812 தொட்டு, ஸ்டாப் 802-க்கு ஏறி, அடுத்த நொடியே விலை 811.95 ஆனால் என்ன நடக்கும்? நிபந்தனை பொய்யாகிறது. நிரல் ‘இல்லையென்றால்’ கிளைக்குப் போய் ஸ்டாப்பை 788-க்கு இறக்கிவிடுகிறது. அங்கிருந்து விலை 790 வரை வழுக்கினாலும் நிரல் அசையாது. 788-ஐத் தொட்டால், பங்குக்கு 2 ரூபாய் லாபத்தில் முடிய வேண்டிய வணிகம் 12 ரூபாய் நஷ்டத்தில் முடியும். பதிவேட்டில் ஒரு பிழைச் செய்திகூட இருக்காது, ஏனென்றால் நிரல் சொன்னதைத்தான் செய்தது.

இங்கே தேவைப்படுவது நினைவு. டிரெய்ல் தொடங்கிவிட்டது என்பதை நிரல் ஒரு மாறியில் குறித்துவைக்க வேண்டும். ‘இல்லை’ என்பது ‘ஆம்’ ஆன பிறகு, அந்த வணிகம் முடியும்வரை மறுபடி ‘இல்லை’ ஆகக் கூடாது. நிபந்தனையை இப்போதைய விலையோடு ஒப்பிடாமல், வாங்கியபின் தொட்ட உச்சத்தோடு ஒப்பிட வேண்டும்.

ஒவ்வொரு விலை வரும்போதும் நிரல் செய்ய வேண்டியவற்றின் வரிசை இது. பொசிஷன், அதாவது கையில் வாங்கிய பங்கு, இல்லையென்றால் எல்லா மாறிகளையும் துடைத்துவிட்டு நிறுத்து. பொசிஷன் இருந்தால், பழைய உச்சம், புதிய விலை இரண்டில் பெரியதை உச்சமாக வை. டிரெய்ல் இன்னும் தொடங்காமல், உச்சம் நாம் வாங்கிய என்ட்ரி விலையைவிட 12 ரூபாய் அல்லது அதற்கு மேல் உயர்ந்திருந்தால், தொடங்கியதாகக் குறி. தொடங்கியிருந்தால் உச்சத்திலிருந்து 10 ரூபாய் கழி. அதை டிக் அளவுக்கு (சந்தை அனுமதிக்கும் மிகச் சிறிய விலைப் படிக்கு) கீழ்நோக்கிச் சரிசெய். அதையும் பழைய ஸ்டாப்பையும் ஒப்பிட்டுப் பெரியதை மட்டும் ஸ்டாப்பாக எடு. இந்தக் கடைசி ஒப்பீட்டை ஒருபோதும் விட்டுவிடக் கூடாது.

அதை விட்டால் என்ன ஆகும் என்பது விலை சராசரியாக எவ்வளவு ஆடுகிறது என்பதைக் காட்டும் ஏடிஆரைப் பயன்படுத்துபவர்களுக்குச் சீக்கிரமே தெரிந்துவிடும். 10 ரூபாய் என்ற நிலையான இடைவெளிக்குப் பதில், 14 கேண்டில் (ஒரு கேண்டில் என்பது குறிப்பிட்ட சில நிமிடங்களின் தொடக்க, உச்ச, தாழ்வு, முடிவு விலைகளின் பதிவு) ஏடிஆரின் இரண்டு மடங்கு என்று வைப்பது வழக்கம். சந்தை கொந்தளிக்கும்போது ஏடிஆர் விரியும். உச்சம் மாறாமல் ஏடிஆர் மட்டும் 5-இலிருந்து 8 ஆனால், இடைவெளி 10-இலிருந்து 16 ஆகி ஸ்டாப் 6 ரூபாய் இறங்கும். பாதுகாப்பு மிகவும் தேவைப்படும் நேரத்தில் ஸ்டாப் பின்வாங்கும். பெரியதை மட்டும் எடுக்கும் ஒப்பீடு இதைத் தடுக்கும். என்ட்ரியின்போது இருந்த ஏடிஆரையே அந்த வணிகம் முழுவதற்கும் உறையவைப்பது இன்னும் நல்லது. பழைய விலைகளில் நிரலை ஓட்டிப் பார்க்கும் பேக்டெஸ்டையும் நேரடி வணிகத்தையும் ஒப்பிடுவதும் எளிதாகும்.

ஏடிஆரில் இன்னொரு சிக்கலும் உண்டு. முந்தைய நாள் முடிவு விலைக்கும் இன்றைய தொடக்க விலைக்கும் இடையிலான கேப், காலை 9.15 கேண்டிலின் கணக்கில் சேர்ந்துவிடும். 5 நிமிடக் கேண்டிலில் 14 என்றால் 70 நிமிடங்கள். எளிய சராசரி என்றால் 10.25 வரைக்கும், மெதுவாகத் தேயும் சராசரி என்றால் அதற்குப் பிறகும், ஏடிஆர் பொய்யாகப் பருத்திருக்கும். காலை வணிகங்களின் ஸ்டாப் தேவைக்கு மேல் அகலமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். முதல் கேண்டிலுக்கு மட்டும் கேப்பைச் சேர்க்காமல், அதன் உச்சத்துக்கும் தாழ்வுக்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்தால் போதும்.

உச்சத்தின் தொடக்க மதிப்பையும் கவனிக்க வேண்டும். அது என்ட்ரி விலையாக இருக்க வேண்டும். சிலர் நடப்புக் கேண்டிலின் ஹையை எடுத்துவிடுகிறார்கள். நாம் 800-இல் நுழைவதற்கு இரண்டு நிமிடம் முன்பு அதே கேண்டிலில் விலை 815 போயிருந்தால், வாங்கிய கணமே டிரெய்ல் தொடங்கி, ஸ்டாப் 805-க்குப் போய்விடும். சந்தை விலைக்கு மேலே விற்பனை ஸ்டாப் வைக்க முடியாது. ஆர்டர் நிராகரிக்கப்படும், அல்லது நிரல் தானே ஸ்டாப் அடித்துவிட்டதாக எண்ணி உடனே விற்றுவிடும்.

தொடங்கும் அளவையும் இடைவெளியையும் தனித்தனியே முடிவு செய்யக் கூடாது. 12-இல் 10 போக மிச்சம் 2 ரூபாய். டிரெய்ல் தொடங்கிய கணத்தில் பூட்டப்படும் லாபம் அவ்வளவே. அது செலவைத் தாண்ட வேண்டும். ஒரு பக்கத்துக்கு 20 ரூபாய் தரகு வாங்கும் தரகரிடம் மேலே சொன்ன வணிகத்துக்கு இரு பக்கமும் தரகு 40 ரூபாய், விற்பனையில் 0.025 சதவீத எஸ்டிடி (பங்குப் பரிவர்த்தனை வரி) 20 ரூபாய், சந்தைக் கட்டணம் 5 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு, இவற்றில் தரகுக்கும் சந்தைக் கட்டணத்துக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி 8 ரூபாய், வாங்கும்போது முத்திரைத் தீர்வை 2 ரூபாய் 40 காசு. கூட்டினால் சுமார் 75 ரூபாய், பங்குக்கு முக்கால் ரூபாய். ஸ்டாப்பை 800-க்குக் கொண்டுவந்துவிட்டு ‘இனி நஷ்டமில்லை’ என்று நினைப்பவர்கள், ஒவ்வொரு முறையும் 75 ரூபாயும் ஸ்லிப்பேஜும் (நினைத்த விலைக்கும் கிடைத்த விலைக்கும் உள்ள வித்தியாசமும்) கொடுத்துவிட்டுத்தான் வெளியே வருகிறார்கள். ஆல்கோ நாளுக்குப் பத்து முறை நுழைந்து வெளியேறினால் இது சிறு தொகை அல்ல.

அடுத்தது, ஸ்டாப் எங்கே வசிக்கிறது என்ற கேள்வி. என் கருத்தில் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது இதுதான். நிரல் மனதுக்குள் ஸ்டாப்பை வைத்துக்கொண்டு, விலை தொட்டதும் விற்பனை ஆர்டர் அனுப்பலாம். அல்லது ஸ்டாப்லாஸ் ஆர்டரைச் சந்தையிலேயே போட்டுவிட்டு, உச்சம் ஏற ஏற அந்த ஆர்டரை விழிக்கவைக்கும் டிரிகர் விலையை மட்டும் மாற்றிக்கொண்டு போகலாம். முதல் வழியில் மின்சாரம் போனால், இணையம் அறுந்தால், லேப்டாப் அப்டேட்டுக்காகத் தானே ரீஸ்டார்ட் ஆனால், பொசிஷன் அநாதையாக நிற்கும். இரண்டாவது வழியில் நிரல் செத்தாலும் கடைசியாக வைத்த ஸ்டாப் சந்தையின் கணினியில் உயிரோடு இருக்கும். டிரெய்ல் நின்றுபோகும், பாதுகாப்பு நிற்காது. சில்லறை வணிகர்கள் இரண்டாவது வழியைத் தவிர வேறெதையும் யோசிக்கவே வேண்டாம்.

ஆனால் அதற்கென்று சில கட்டுப்பாடுகள் உண்டு. ஒரே ஆர்டரை இத்தனை முறைக்கு மேல் மாற்ற முடியாது என்று தரகர்கள் வரம்பு வைத்திருக்கிறார்கள். 25 முறை என்பது அப்படி ஒரு வரம்பு. டிக் 5 காசு என்றால், விலை 30 ரூபாய் ஏறும்போது ஒவ்வொரு டிக்குக்கும் ஸ்டாப்பை ஏற்ற 600 மாற்றங்கள் தேவை. முதல் ஒன்றேகால் ரூபாயிலேயே வரம்பு தீர்ந்து, அதற்குமேல் அனுப்பும் மாற்றங்கள் எல்லாம் நிராகரிக்கப்படும். ஆகவே படி ஒன்று வேண்டும். கணக்கிட்ட ஸ்டாப், சந்தையில் இருக்கும் ஸ்டாப்பைவிடக் குறைந்தது 2 ரூபாய் உயர்ந்தால் மட்டும் மாற்று என்று வைத்தால் 30 ரூபாய்க்கு 15 மாற்றங்களே ஆகும். ஒரு ரூபாய்ப் படி என்றால் 30, வரம்பைத் தாண்டும். நாம் எதிர்பார்க்கும் அதிகபட்ச நகர்வை 20-ஆல் வகுத்துப் படியைத் தீர்மானித்தால், எதிர்பாராத மாற்றங்களுக்குக் கொஞ்சம் மிச்சமும் இருக்கும்.

ஸ்டாப்லாஸ் ஆர்டரின் வகையும் முக்கியம். 2021-இல் ஆப்ஷன்களில் நொடிப்பொழுதில் விலை எங்கோ போய்த் திரும்பிய வினோத வணிகங்கள் நடந்தன. அதன்பின் அந்த ஆண்டு செப்டம்பர் 27 முதல் தேசியப் பங்குச் சந்தை ஆப்ஷன்களில் எஸ்எல்-எம் ஆர்டரை, அதாவது டிரிகர் ஆனதும் மார்க்கெட் விலைக்கு விற்கும் வகையை, நிறுத்திவிட்டது. ஆகவே ஆப்ஷனில் டிரிகர், லிமிட் (இதற்குக் கீழே விற்காதே என்ற விலை) இரண்டு விலைகளும் கொடுத்தாக வேண்டும். டிரிகர் 802, லிமிட் 800 என்று வைத்து, விலை ஒரே தாவலில் 796 போனால், ஆர்டர் விழித்துக்கொள்ளும், ஆனால் விற்காது. 800-இல் வாங்க ஆளில்லாமல் காத்துக் கிடக்கும். ‘ஸ்டாப் போட்டிருந்தேனே, ஏன் வெளியே வரவில்லை’ என்று கேட்பவர்களின் சிக்கல் பெரும்பாலும் இதுதான். நிரல் இந்த நிலையைத் தனியாகக் கண்டுபிடிக்க வேண்டும். டிரிகர் ஆகி 2 நொடியில் விற்கவில்லையென்றால், லிமிட்டை அப்போதைய வாங்கும் விலைக்கு (வாங்குபவர் தரத் தயாராக இருக்கும் விலைக்கு) சற்றுக் கீழே மாற்று, இன்னும் 2 நொடி பார், மறுபடி மாற்று. அதற்கும் முன்பாக, டிரிகருக்கும் லிமிட்டுக்கும் இடையே ஆப்ஷனின் வழக்கமான வாங்கும்-விற்கும் விலை வித்தியாசத்தைப்போல மூன்று நான்கு மடங்கு இடம் விடுவது நல்லது.

வினோத வணிகங்கள் டிரெய்லை இன்னொரு விதத்திலும் கெடுக்கும். 110 ரூபாயில் ஓடிக்கொண்டிருக்கும் ஆப்ஷன் ஒரே ஒரு டிக்கில், அதாவது ஒரே ஒரு விலைப் பதிவில், 500 காட்டிவிட்டுத் திரும்பினால், நம் உச்சம் 500 ஆகிவிடும். ஸ்டாப் 490. சந்தை 110. நிரல் குழம்பி விற்றுத் தள்ளும். பேச்சுக்குச் சொல்லும் ஆபத்து அல்ல இது. 2012 அக்டோபர் 5 அன்று ஒரு தரகு நிறுவனத்திலிருந்து தவறாகப் போன ஆர்டர்களால் நிஃப்டி சில நொடிகளில் 15 சதவீதத்துக்கு மேல் சரிந்து, வணிகமே சிறிது நேரம் நின்றது. உச்சத்தைக் கடைசி வணிக விலையிலிருந்து அப்படியே எடுக்காமல், வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவிலிருந்து எடுக்கலாம். அல்லது தொடர்ந்து மூன்று டிக்குகள் உறுதி செய்தால்தான் உச்சம் என்று வைக்கலாம். எளிமை வேண்டுமென்றால் ஒரு நிமிடக் கேண்டிலின் முடிவு விலையை மட்டும் உச்சத்துக்குப் பயன்படுத்தலாம். டிரெய்ல் கொஞ்சம் பின்தங்கும், அவ்வளவே. விலை திரவமாக ஓடாத ஆப்ஷன்களுக்கு இந்தக் கடைசி வழியைத்தான் சொல்வேன்.

டிக் அளவை 5 காசு என்று நிரலில் கையால் எழுதியவர்களுக்கு 2025 ஏப்ரலில் அடி விழுந்தது. தேசியப் பங்குச் சந்தை அப்போது பங்கின் விலைக்கேற்ப டிக்கை மாற்றியது. 250 ரூபாய்க்குக் கீழ் 1 காசு, 250 முதல் 1,000 வரை 5 காசு, அதற்குமேல் 5,000 வரை 10 காசு என்று ஏறிக்கொண்டே போகும். 1,200 ரூபாய்ப் பங்குக்கு 1,187.35 என்று ஸ்டாப் அனுப்பினால் இப்போது நிராகரிக்கப்படும். தரகர் தினமும் காலையில் வெளியிடும் பங்குப் பட்டியலில் டிக் அளவும் இருக்கும். அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். விலைகளைத் தசமத்தில் வைக்காமல் முழுக் காசுகளாக, 802.15 என்பதை 80215 என்று வைத்தால், கணினியின் தசமப் பிசிறுகளால் வரும் நிராகரிப்பும் இருக்காது.

ஆர்டர் மாற்றும் நேரத்தில் நடக்கும் மோதலைப் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது, பணம் அதிகம் போவது இங்கேதான். ஸ்டாப்பை 808-இலிருந்து 810-க்கு ஏற்றும் கோரிக்கை தரகரை அடைவதற்குள், விலை சரிந்து 808-இலேயே ஸ்டாப் அடித்துவிட்டது. கோரிக்கைக்குப் பிழைச் செய்தி வருகிறது. அவசரத்தில் எழுதிய நிரல், ‘மாற்ற முடியவில்லை, அப்படியானால் ஸ்டாப் இல்லை’ என்று முடிவுசெய்து, புதிதாக 100 பங்குக்கு ஒரு ஸ்டாப் ஆர்டர் போடும். பங்கு ஏற்கெனவே விற்றாகிவிட்டது. இந்தப் புதிய ஆர்டரும் அடித்தால் கையில் இல்லாத 100 பங்கை விற்றவர் ஆகிறோம். நிரலோ பொசிஷன் முடிந்துவிட்டதாக நினைத்து வேறு வேலை பார்க்கும். பிழை வந்தால் புதிய ஆர்டர் போடாதே. முதலில் பழைய ஆர்டரின் நிலையைக் கேள், பிறகு பொசிஷனின் எண்ணிக்கையைக் கேள். எண்ணிக்கை பூஜ்யம் இல்லை என்றும் உயிரோடு வேறு ஸ்டாப் இல்லை என்றும் இரண்டும் உறுதியானால் மட்டும் புதியது போடு. இந்த விதியை எழுதாமல் எந்த ஆல்கோவையும் உண்மைப் பணத்தில் ஓட்டக் கூடாது. பழைய ஸ்டாப்பை ரத்து செய்துவிட்டுப் புதியதைப் போடும் வழியும் வேண்டாம், இரண்டுக்கும் நடுவில் ஸ்டாப்பே இல்லாத இடைவெளி ஒன்று வரும்.

எண்ணிக்கையிலும் கவனம் தேவை. 100 கேட்டு 60 மட்டும் கிடைத்தால் ஸ்டாப்பும் 60-க்குத்தான். மீதி 40 பின்னர் கிடைத்தால் ஸ்டாப்பின் எண்ணிக்கையையும் சராசரி என்ட்ரி விலையையும் சேர்த்தே மாற்ற வேண்டும். 812 என்ற தொடக்க எல்லையும் அதோடு நகரும்.

நிரல் இடையில் விழுந்து எழுந்தால்? உச்சமும் தொடங்கியதா என்ற குறியும் நினைவகத்தில் மட்டும் இருந்தால் அழிந்துபோயிருக்கும். எழுந்த நிரல் உச்சத்தை இப்போதைய விலையிலிருந்து புதிதாகத் தொடங்கும். மாற்றம் நேரும் ஒவ்வொரு முறையும் இவற்றை வட்டில் ஒரு சிறு கோப்பில் எழுதிவைக்க வேண்டும். எழுந்ததும் அந்தக் கோப்பை மட்டும் நம்பாமல், தரகரிடம் பொசிஷனையும் நிலுவை ஆர்டர்களையும் கேட்டு ஒப்பிட வேண்டும். இரண்டும் முரண்பட்டால் தரகர் சொல்வதே உண்மை. விட்டுப்போன நேரத்தின் ஒரு நிமிடக் கேண்டில்களை வாங்கி, என்ட்ரிக்குப் பிந்தையவற்றின் உச்சத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மாலையில் இன்னொரு கண்ணி. இன்ட்ராடே பொசிஷன்களைத் தரகர் சந்தை முடிவதற்குச் சில நிமிடங்கள் முன்பு தானே முடித்துவிடுவார். நிலுவை ஸ்டாப்பும் ரத்தாகும். ‘ஸ்டாப் காணோம்’ என்று நிரல் பதறிப் புதிய ஸ்டாப் போட்டால் மேலே சொன்ன அதே விபத்து. 3.10 மணிக்கு நிரலே வெளியேறட்டும்: டிரெய்லை நிறுத்து, ஸ்டாப்பை ரத்து செய், ரத்தானதை உறுதிசெய், பிறகு விற்றுவிடு. நாள் தாண்டி வைக்கும் பொசிஷன்களுக்கு ஸ்டாப்லாஸ் ஆர்டர் அன்றோடு காலாவதியாகும் என்பதால் மறுநாள் காலை மீண்டும் போட வேண்டும். ஜிடிடி போன்ற வசதிகள் தரகரின் கணினியில் காத்திருந்து, தொட்ட பிறகே சந்தைக்கு ஆர்டர் அனுப்புபவை. இவற்றில் எதுவும் இரவில் விழும் கேப்பிலிருந்து காப்பாற்றாது. ஸ்டாப் 802 என்றிருந்து காலையில் பங்கு 780-இல் திறந்தால், கிடைப்பது 780-ஐ ஒட்டிய விலைதான்.

இனி பேக்டெஸ்ட். ஆல்கோ விற்பவர்கள் காட்டும் நேர்கோடு போன்ற லாப வரைபடங்கள் பலவற்றில் டிரெய்லிங் ஸ்டாப் இருக்கிறது. அந்தக் கோடு அவ்வளவு நேராக இருப்பதற்கு அதுவே காரணமாகவும் இருக்கலாம். ஒரு 5 நிமிடக் கேண்டில்: ஓபன் 808, ஹை 814, லோ 800, குளோஸ் 813. நம் என்ட்ரி 800. கேண்டிலுக்குள் ஹை முதலில் வந்ததா, லோ முதலில் வந்ததா? ஹை முதலில் என்றால், டிரெய்ல் தொடங்கி ஸ்டாப் 804-க்கு ஏறி, பிறகு விலை 800-க்கு வரும் வழியில் 804-இல் வெளியேறுவோம். லோ முதலில் என்றால், எதுவும் அடிபடாமல் 813-இல் இன்னும் உள்ளே இருப்போம். கேண்டில் இரண்டுக்கும் ஒன்றேதான். விலை வரைபடத் தளமான டிரேடிங்வியூவின் சோதனை எஞ்சின், ஓபன் ஹைக்கு அருகில் இருந்தால் ஹை முதலில் வந்ததாகவும், லோவுக்கு அருகில் இருந்தால் லோ முதலில் வந்ததாகவும் எடுத்துக்கொள்கிறது. அதோடு, லோவிலிருந்து ஹைக்கு விலை வளையாமல் நேராகப் போனதாகவும் கொள்கிறது. இதனால் ஒரு ரூபாய் இடைவெளியில் டிரெய்ல் வைத்துச் சோதித்தால், வணிகங்கள் ஹைக்கு ஒரு ரூபாய் கீழே அழகாக வெளியேறும். உண்மைச் சந்தையில் விலை ஏறும் வழியிலேயே பத்து முறை ஒரு ரூபாய் இறங்கி ஏறியிருக்கும். முதல் இறக்கத்திலேயே நாம் வெளியே வந்திருப்போம்.

தீர்வு கடினமானதல்ல. ஒவ்வொரு கேண்டிலிலும், முந்தைய கேண்டில் முடிந்தபோது இருந்த ஸ்டாப்பை லோ தொட்டதா என்று முதலில் பார்க்க வேண்டும். தொடவில்லையென்றால் மட்டும் உச்சத்தையும் ஸ்டாப்பையும் புதுப்பிக்க வேண்டும். முடிவுகள் மங்கலாகும், ஆனால் கேண்டிலுக்குள் நடந்தது தெரிந்ததாகப் பாவிக்கும் தவறு போய்விடும். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் ஒரு நிமிட அல்லது டிக் தரவுதான் வழி. இடைவெளியை ஒரு கேண்டிலின் சராசரி நீளத்தைவிடக் குறைவாக வைத்த எந்தப் பேக்டெஸ்டையும், அந்தக் கேண்டில் அளவில் நம்பக் கூடாது.

டிரேடிங்வியூவின் நிரல் மொழியான பைன் ஸ்கிரிப்டில் எழுதுபவர்களுக்கு ஒரு குறிப்பு. டிரெய்ல் பாயின்ட்ஸ், டிரெய்ல் ஆஃப்செட் என்ற இரண்டு மதிப்புகளும் ரூபாயில் அல்ல, டிக்கில். 5 காசு டிக்கில் 12 ரூபாய் என்றால் 240 என்று எழுத வேண்டும். 12 என்று எழுதினால் 60 காசு லாபத்திலேயே டிரெய்ல் தொடங்கிவிடும். நிஞ்ஜாடிரேடர் என்ற வணிக மென்பொருளில், ஒரே பொசிஷனுக்கு நிலையான ஸ்டாப், டிரெய்ல் ஸ்டாப் ஆகிய இரு கட்டளைகளையும் சேர்த்துக் கொடுத்தால் நிலையான ஸ்டாப்தான் செல்லும். நிபந்தனை டிரெய்லை அங்கே நிலையான ஸ்டாப்பின் விலையை நாமே ஏற்றிக்கொண்டு போய்த்தான் எழுத வேண்டும். பொசிஷன் முடிந்ததும் அந்த விலையைத் தொடக்க நிலைக்குத் திருப்பாவிட்டால் அடுத்த வணிகம் பழைய ஸ்டாப்போடு பிறக்கும்.

உண்மைப் பணத்துக்கு முன், விலைகளைக் கையால் எழுதி நிரலுக்கு ஊட்டிப் பார்க்க வேண்டும். 800, 805, 811.95, 812, 811, 820, 815, 810 என்று கொடுத்தால், ஸ்டாப் முறையே 788, 788, 788, 802, 802, 810, 810 என்று நின்று, கடைசி விலையில் வெளியேற வேண்டும். 811-இல் அது 788 ஆனால் நினைவு இல்லை என்று பொருள். பிறகு 800, 795, 788: தொடக்க ஸ்டாப் அடிக்க வேண்டும். பிறகு 812-இலிருந்து நேராக 790: லிமிட் விற்காமல் நிற்கும்போது நிரல் என்ன செய்கிறது? பிறகு நடுவில் 1,500 என்று ஒரே ஒரு பொய் டிக். பிறகு 820-க்கும் 815-க்கும் நடுவில் நிரலைக் கொன்று மீண்டும் எழுப்புதல். விற்று வாங்கும் ஷார்ட் வணிகத்துக்கு இவை அனைத்தையும் தலைகீழாக்கி மறுபடியும் ஓட்ட வேண்டும். உச்சத்துக்குத் தாழ்வு, பெரியதற்குச் சிறியது, கீழ்நோக்கிய சரிசெய்தலுக்கு மேல்நோக்கியது. ஒரு குறியை மாற்ற மறந்தாலும் ஸ்டாப் எதிர்ப்பக்கம் ஓடும்.

செபி 2025 பிப்ரவரி 4 சுற்றறிக்கையில் சில்லறை ஆல்கோக்களுக்கு விதிகள் வகுத்திருக்கிறது. ஏபிஐ (நிரல் தரகரின் கணினியோடு பேசும் வழி) வழியே வரும் ஆர்டர்கள் பதிவுசெய்த நிலையான ஐபி முகவரியிலிருந்து வர வேண்டும். சொந்தமாக நிரல் எழுதுபவர், சந்தைகள் வைத்துள்ள நொடிக்கு 10 ஆர்டர் என்ற எல்லையைத் தாண்டினால் சந்தையில் பதிவு செய்ய வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று வெளிப்படுத்தாத ஆல்கோவை வழங்குபவர் ஆராய்ச்சி ஆய்வாளராகப் பதிவு பெற்றிருக்க வேண்டும். ஆல்கோவின் லாபம் இவ்வளவு என்று சொல்லி விற்கும் தளங்களோடு தரகர்கள் தொடர்பு வைக்கக் கூடாது என்று 2022 செப்டம்பரிலேயே செபி சொல்லிவிட்டது. தங்கள் நாளிதழுக்கு ஆல்கோ விளம்பரம் கொண்டுவருபவரிடம் இந்தப் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிய பிறகே வெளியிட வேண்டும் என்பது என் முதல் வேண்டுகோள்.

இரண்டாவது, தரகர்களுக்கு. டிரெய்லிங் ஸ்டாப் வசதியைத் தங்கள் செயலியிலேயே தருபவர்கள், அது கடைசி வணிக விலையைப் பின்தொடர்கிறதா, வாங்கும் விலையையா, எவ்வளவு படியில் ஏறுகிறது, ஸ்டாப் சந்தையில் நிற்கிறதா அல்லது தங்கள் சர்வரில் மட்டும் நிற்கிறதா, சர்வர் நின்றால் என்ன ஆகும் என்ற நான்கையும் அந்தப் பொத்தானுக்குப் பக்கத்திலேயே தமிழில் எழுதிவைக்க வேண்டும். தங்கள் நிருபர்கள் தரகர்களிடம் இவற்றைக் கேட்டு, பதில்களை அவரவர் பெயரோடு அட்டவணையாக வெளியிட்டால் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
வணிகப் பக்க வாசகர்